ஐந்தின் மேல் ஒரு பொட்டு

சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு வாரமாக அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு தட்டின் கனம்கூட இல்லை. வெளிநாட்டில் இருக்கும் என் பையன் அங்கிருந்தே ஆர்டர் போட்டு, அம்பத்தூர் வீட்டு வாசலுக்கு வரவழைத்துவிட்டான். பழைய லேப்டாப்பைத் தூக்கித் தூக்கித்தான் எனக்கு மணிக்கட்டு வலி வந்தது என்பது அவன் கண்டுபிடிப்பு. புதுசு கனமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தெரு நலச் சங்கத்துக்காக மழைநீர்க் கால்வாய் பற்றி நான் அடித்துக்கொண்டிருந்த மனுவை, இந்த ஒரு வாரத்தில் மூன்று முறை பாதியிலேயே விழுங்கிவிட்டது. எழுத்தை அழிக்கிற பொத்தானை ஒட்டி, மெஷினையே அணைக்கிற பொத்தானை வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் இருந்த எண் வரிசையைக் காணோம். பொத்தான்கள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. எது எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. பென் டிரைவ் செருக ஓட்டை இல்லை. அதற்கென்று ஒரு வால் தனியாக வாங்க வேண்டுமாம்.

நேற்று போனில் அவனிடம் புலம்பினேன். முழுசாகக்கூடக் கேட்கவில்லை. "பழகிடும்மா. ரெண்டு வாரம் போனா நீயே இதை விட மாட்டே" என்றான்.

யார் எது சொன்னாலும் கையோடு பதில் வைத்திருப்பவள் நான். நேற்று ஒரு வார்த்தை வரவில்லை. போனை வைத்துவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறதடி. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ என்னை முறைத்துக்கொண்டு நின்றது அப்படியே கண் முன்னால் வந்துவிட்டது. இதே சொல்லை உன் விஷயத்தில் சொன்னவள் நான்தானே.

அதனால் இன்று மனுவை ஒதுக்கி வைத்துவிட்டு, பேனாவும் காகிதமுமாக உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் அணைக்கிற பொத்தான் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனி ஒன்றும் பிரமாதமானதில்லை. இரண்டு கொட்டகை, ஒரு மாடி ஆபீஸ், நூறு பேருக்குள் ஆட்கள். எஞ்சினுக்குள்ளே போகிற சுண்டுவிரல் நீள எஃகுத் தண்டுகளைச் செய்தோம். நான் மாடியில் கொள்முதல் பிரிவு. கந்தல் துணி முதல் கடைசல் இயந்திரம் வரை எதை யாரிடம் வாங்குவது என்று பார்க்கிறவள். நீ கீழே இன்ஸ்பெக்ஷன். ஒவ்வொரு தண்டின் பருமனையும் அளந்து, சரி, சரியில்லை என்று சொல்கிறவள். நமக்குள் சிநேகிதம் உண்டானது கம்பெனியில் இல்லை, பஸ்ஸில். நீ பூந்தமல்லியில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாய். வானகரம் தாண்டி நான் அயனம்பாக்கத்தில் ஏறும் வரை அந்தப் பைதான் எனக்காக உட்கார்ந்து வரும். நின்றுகொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர் முணுமுணுத்தாலும் நீ அசைய மாட்டாய். "ஆள் வந்துகினு கீது" என்று ஒரே பதில்.

உன் கண் விஷயம் எனக்குத் தெரிய வந்ததும் அந்தப் பஸ்ஸினால்தான். என் பையனின் முதல் பிறந்த நாளுக்காக ஒரு நாள் மாலை என்னோடு அயனம்பாக்கத்தில் இறங்கினாய். மழைக்காலம். ஏரி கரை தட்டி நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நீ மட்டும் என் காதருகில், "ஏரில தண்ணி கீதாடி?" என்று கேட்டாய். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். இறங்கி நாலு அடி நடந்ததும், தெரு ஓரம் நிறுத்தியிருந்த சைக்கிளில் நேராகப் போய் மோதினாய். நன்றாக இருட்டக்கூட இல்லை. பதறிப்போய்த் தூக்கினேன். புடவையைத் தட்டிக்கொண்டே, ஏதோ ரேஷன் கடை விஷயம் பேசுகிற குரலில் சொன்னாய்.

"யாராண்டயும் சொல்லிக்காத. நேரா கீறது தெரியும், பக்கத்துல கீறது தெரியாது. இருட்டுனா சுத்தமா போச்சு. கொழா வழியா பாக்குறா மாதிரின்னு டாக்டரு சொன்னாரு. கொழாயும் போகப் போக சின்னதாய்க்கினே போவுமாம்."

அன்றிலிருந்து மாலையில் எஸ்டேட் சாலையைக் கடக்கும்போது என் கை உன் முழங்கையில் இருந்தது. பஸ் வந்தால் "படி" என்பேன். நீ காலைத் தூக்குவாய். பூந்தமல்லி நிலையத்தில் வெளிச்சம் உண்டு, தையல் கடையைச் சாத்திவிட்டு உன் வீட்டுக்காரர் வந்து நிற்பார். இடையில் நான் ஒருத்திதான். கம்பெனியில் வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அளக்கிற மேஜையில் உன்னை ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த மேஜையில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இடது கை தண்டை எடுத்து அளவுமானியின் அடியில் வைக்கும். கண் டயலின் முள்ளில் இருக்கும். வலது கை கம்ப்யூட்டரின் எண் வரிசையில் இருக்கும். பருமனின் கடைசி இலக்கத்தை மட்டும் தட்டினால் போதும். மற்றதை அது போட்டுக்கொள்ளும். வை, பார், தட்டு. மற்றவர்கள் முள்ளைப் பார்த்து, பொத்தானைப் பார்த்து, மறுபடி முள்ளைத் தேடுவார்கள். நீ முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாய். எடுத்தால் உன் குழாய்க்குள் அதைத் திரும்பக் கொண்டுவர நேரம் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உன் விரலுக்கு வழி சொன்னது ஐந்தின் மேல் இருந்த கடுகளவு மேடு. நடு விரல் அதைத் தொட்டுவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் தானாக இடத்துக்கு வந்துவிடும். "அந்த முள்ளு முன்னாடி குந்திக்கினா எனக்கு ஒரு கொறையும் கெடையாதுடி" என்று ஒருமுறை சொன்னாய். நீ உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

தண்டு வாங்குகிற கிண்டிப் பக்கத்துக் கம்பெனி, சரக்கோடு உங்கள் ஆளும் வந்து எங்கள் கண் முன்னால் அளந்து காட்டட்டும் என்று சொன்னபோது, நாம் ஒரு லேப்டாப் வாங்கினோம். லேப்டாப் என்று பேர்தானே தவிர, அதை மடியில் வைத்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். தையல் மிஷின் கனம். வலது பக்கம் எண் வரிசை முழுசாக இருந்தது, ஐந்தின் மேல் மேடும் இருந்தது. நீ அதைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறுவாய். ஒரு நாள் கிண்டியில் மூன்று படி ஏறும்போது அதோடு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாய். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்தாய். 

அதற்கு அப்புறம் பழையது ரிப்பேர் ஆகி, புதுசு வாங்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. மூன்று கடைக்காரர்களின் வண்ணப் புத்தகத்தைப் புரட்டினேன். நான் பார்த்தது ஒன்றே ஒன்று, கனம். இருப்பதிலேயே லேசானதைத் தேர்ந்தெடுத்தேன். விலை கொஞ்சம் கூட என்று மேனேஜர் இழுத்தபோது அவரோடு சண்டை போட்டு வாங்கினேன். நீ மாடிப்படியின் அடியில், என்னிடமிருந்து இருபது அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாய். இறங்கி வந்து, இதில் உன் விரல் எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. உனக்காகச் செய்கிறேன் என்ற நினைப்பே எனக்கு நிறைந்துவிட்டது.

பெட்டி வந்த மறு நாள் காலையே கிண்டிக்குப் போக வேண்டியிருந்தது. வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நம்பரு எங்கடி?" என்றாய். கடைக்காரன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் உனக்குச் சொன்னேன். ஒரு பொத்தானை அமுக்கினால் எழுத்துகளில் சில எண்ணாக மாறிவிடும், அதே வரிசைதான், கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். நீ விரலால் தடவினாய். ஒரு மேடு தட்டுப்பட்டது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறினாய்.

மதியத்துக்குள் போன் வந்துவிட்டது. நீ அளந்த சரக்கில் பாதிக்கு மேல் இளைத்த தண்டு என்று பதிவாகியிருக்கிறது. கிண்டிக்காரர்கள் நாலைந்தை எடுத்து அளந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. சரக்கு கெட்டதா, அளந்தவள் கெட்டவளா என்று கேட்டு, மொத்தத்தையும் வேனிலேயே திருப்பி ஏற்றிவிட்டார்கள்.

மேனேஜர் அறையில் நாம் மூன்று பேர். அவர் கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் அன்று முகம் சிவந்திருந்தது. அடுத்த மாதத்திலிருந்து நீ பேக்கிங் பிரிவுக்குப் போகலாம், பொத்தானைப் பார்த்து நிதானமாக அடிக்கிற வேறு யாரையாவது அங்கே உட்கார வைக்கிறேன் என்றார். நீ பேசுவதற்குள் நான்தான் முந்திரிக்கொட்டையாக வாயைத் திறந்தேன்.

"ரெண்டு வாரம் டைம் குடுங்க சார். புது மாடல். பழகிடும்."

அவர் யோசித்துவிட்டு, ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் கிண்டி ஆட்களே இங்கே வருகிறார்கள், அதுவரை பார்க்கலாம் என்றார். உனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் நான் வெளியே வந்தேன். மாலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போக சாலையைக் கடக்கும்போது முழங்கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டாய்.

"பழகிடும்னியே, பழகப் போறது யாரு? நீயா?"

நான் விழித்தேன். உனக்காகத்தானே அதை வாங்கினேன், அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு படியில் விழுந்தாயே, அதனால்தானே என்று ஆரம்பித்தேன். நீ குரலை உயர்த்தவே இல்லை.

"உழுந்தா எழுந்துக்குவேன். அந்த நம்பரு போச்சுன்னா எனக்கு இன்னாடி கீது? ஊர்ல எல்லாருக்கும் என் கண்ணு வெவரம் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்டியா? எனக்காகப் பேசுனேன்னு நென்ச்சிகினு கீற. நீ பேசுனது அந்தப் பொட்டிக்காக."

பஸ் வந்தது. நான் "படி" என்று சொல்வதற்குள் நீயே காலால் துழாவி ஏறிவிட்டாய். உள்ளே பக்கத்து இடத்தில் பை இருந்தது. அதை எடுக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நான் நின்றுகொண்டே வந்தேன். அயனம்பாக்கத்தில் இறங்கியபோது எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம். நன்றி கெட்டவள் என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இரண்டு நாள் பேச்சில்லை. முதலில் ரோஷம்தான் என்னை அந்தப் பெட்டியின் முன் உட்கார வைத்தது. இதில் என்ன அப்படிக் கஷ்டம், நான் செய்து காட்டுகிறேன் என்று சாப்பாட்டு நேரத்தில் இன்ஸ்பெக்ஷன் அறைக்குப் போய்க் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். உன்னைப் போலவே மேட்டைத் தேடி நடு விரலை வைத்து, ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து என்று தட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தால் திரையில் ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று.

அந்தப் பெட்டியில் மேடு ஐந்தின் மேல் இல்லை. எழுத்து அடிக்கிறவர்களுக்காக ஆங்கில 'ஜே'யின் மேல் வைத்திருந்தார்கள். எண்ணாக மாறும்போது அந்த ஜேதான் ஒன்று. இத்தனை வருஷமாக மேடு என்றால் ஐந்து என்று உன் விரல் நம்பிக்கொண்டிருக்கிறது. அங்கே மேட்டை வைத்தவர்கள் அதை ஏமாற்றிவிட்டார்கள். நல்ல தண்டெல்லாம் இளைத்துப்போன காரணம் இதுதான். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது.

கடைக்காரனுக்குப் போன் போட்டு, எண் வரிசை உள்ளதாக மாற்றிக் கொடு என்றேன். புது மாடல் எல்லாமே இப்படித்தான் மேடம் வருது, இதுதான் இப்ப எல்லாரும் விரும்பறாங்க என்றான். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. தனியாக ஒரு எண் பலகை உண்டாம், வெளியூரிலிருந்து வர இரண்டு மாதம் ஆகுமாம். நமக்கு இருந்தது பத்து நாள்.

உன்னிடம் வந்தேன். மன்னிப்பு எல்லாம் எனக்கு ஒழுங்காகக் கேட்க வராது. "மேடு தப்பான எடத்துல இருக்குடி" என்று மட்டும் சொன்னேன். நீ என் முகத்தை உன் குழாய்க்குள் கொண்டுவந்து கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு எழுந்து டூல் ரூமுக்குப் போய் ஒரு துண்டு உப்புத்தாளோடு திரும்பி வந்தாய். வந்து பத்து நாள் ஆகாத, மேனேஜரோடு சண்டை போட்டு நான் வாங்கிய பெட்டி. அதன் ஜே மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாய். "ஐயோ, கம்பெனி சொத்து" என்று கையைப் பிடித்தேன். "என் வெரலும்தான்" என்று சொல்லிவிட்டு, மேடு வழவழவென்று ஆகும் வரை தேய்த்தாய். பொடியை வாயால் ஊதினாய்.

அப்புறம், "கொஞ்சம் தலைய குனி" என்றாய். எதற்கு என்று புரியாமல் குனிந்தேன். என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைச் சட்டென்று உரித்து எடுத்து, ஐந்தாக மாறுகிற பொத்தானின் மேல் ஒட்டினாய். உன் விரல் அதைத் தொட்டது. நான் நெற்றியைத் தடவிக்கொண்டு கத்தினேன். என் மாமியார் மட்டும் இதைப் பார்த்திருந்தால் உன்னையும் என்னையும் தொலைத்திருப்பார். நீ அசரவில்லை. "உன் ஊட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆவாது, ஆயுசு கெட்டி" என்று சொல்லிக்கொண்டே, வை, பார், தட்டு என்று ஆரம்பித்துவிட்டாய். உங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கமே கிடையாது. பொட்டுக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது வைத்துக்கொள்கிற எங்களுக்குத் தெரியவில்லை.

அது முதல் நாளே வியர்வையில் நழுவிவிட்டது. அன்றிலிருந்து கல் வைத்த பொட்டு அட்டை ஒன்று என் கைப்பையில் ஏறியது. காலையில் பஸ்ஸில் நான் நெற்றிக்கு ஒன்று ஒட்டிக்கொள்வேன், உனக்கு ஒன்றை உரித்து ஆள்காட்டி விரல் நகத்தின் மேல் ஒட்டி அனுப்புவேன். நீ அதை மேஜைக்குக் கொண்டுபோய்ப் பொத்தானுக்கு மாற்றுவாய். முழுசாகச் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்து ஓடுவாய். சாய்ந்த வரிசைக்கு விரலைப் பழக்க வேண்டும், 'என்டர்' பொத்தான் சின்னதாகப் போய்விட்டது, அதைத் தவறவிடாமல் இருக்க வேண்டும். நான் எதிரில் உட்கார்ந்து திரையைப் பார்த்து, தப்பு விழுந்தால் மேஜையை ஒரு தட்டு தட்டுவேன். முதல் நாள் என் கை ஓயவில்லை. ஒரு வாரம் போனதும் என் கைக்கு வேலை இல்லாமல் ஆனது.

ஆயுத பூஜை வந்தது. கடைசல் இயந்திரம், வேன், தராசு, மாடியில் டெலிபோன் உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அடுத்த வாரம் கிண்டி ஆட்கள் இரண்டு பேர் வந்து உன் மேஜையின் இரு பக்கமும் நின்றார்கள். இருநூறு தண்டு. நீ முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் நடுநடுவே உருவி உருவி முப்பது தண்டைத் தாங்களே அளந்து, நீ பதிந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முப்பதும் ஒத்துப்போயின. காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிப் போனார்கள்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். பெட்டியைப் பார்க்கக் குனிந்தவர் பொத்தானில் இருந்த கல் பொட்டைப் பார்த்தார். விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பூஜைக்கு வெச்சதா? எடுத்துடாதீங்கம்மா. இது வந்தப்புறம்தான் கைராசி வந்திருக்கு" என்றார்.

எனக்கு ஒரே நிம்மதி. ஜே தேய்ந்த விஷயம் தெரியவில்லை, உன் கண் விஷயம் தெரியவில்லை, வேலை நிலைத்தது. வாயை மூடிக்கொண்டு சிரித்தால் முடிந்தது. நீயோ நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாய்.

"பூஜப் பொட்டு இல்ல சார். அது என் வெரலுக்கு வெச்சது. எனக்கு சைடுல கண்ணு தெரியாது. ரொம்ப வருஷமாவே."

 அவர் கையை அந்தப் பொத்தானிலிருந்து எடுத்தார். கண் தெரியாதவரை இன்ஸ்பெக்ஷனில் வைத்திருக்கிறேன் என்று வெளியே தெரிந்தால் என் கதி என்ன என்று மெதுவாகக் கேட்டார். அதில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

"கண்ணு தெரியலன்னு சொல்லல சார். முள்ளு தெரியுது. முள்ளத் தவுர மத்ததுதான் தெரியல. உங்களுக்கு முள்ளுதானே வோணும்?"

அவர் மாடிக்குப் போய்விட்டார். அன்று பஸ்ஸில் உன்னை நான் பிடிபிடியென்று பிடித்தேன். யாராவது கேட்டார்களா, நீயாக ஏன் சொன்னாய்? உன் பதில் எனக்கு இன்னும் வரி மாறாமல் இருக்கிறது. "பொட்டுக்கு இன்னா காரணம்னு தெரியாம வுட்டா, அடுத்த பொட்டி வரும்போது மறுக்கா மொதல்லேர்ந்து அல்லாடணும். நான் போய்ட்டா, எனக்கப்புறம் வர்றவளும் அல்லாடணும்."

நாலு நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாலு நாளும் வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் நீ போய் உட்கார்ந்து அளந்தாய். ஐந்தாம் நாள் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். வந்த முடிவு, ஒவ்வொரு சரக்கிலும் பத்துத் தண்டை வேறு ஒருவர் மறுபடி அளக்க வேண்டும், மற்றபடி நீ உன் இடத்திலேயே இருக்கலாம். நீ அத்தோடு விடவில்லை. இனி எந்த மெஷின் வாங்கினாலும், அதைத் தொட்டு வேலை செய்யப் போகிறவர் அரை நாள் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாய். மேனேஜர் முனகினார். கொள்முதல் படிவத்தில் அந்த வரியை அடித்துச் சேர்த்தவள் நான். அதற்குப் பிறகு லேத் வாங்கும்போதும் சரி, நாற்காலி வாங்கும்போதும் சரி, அந்த இடத்தில் கையெழுத்து இல்லாமல் நான் ஒரு காகிதத்தையும் நகர்த்தவில்லை. கொள்முதல் அம்மா ரொம்பக் கெடுபிடி என்று பேர் எடுத்தேன்.

இன்னும் நாலு வருஷம் அந்த முள்ளின் முன் உட்கார்ந்தாய். ஒரு நாள் மதியம் யாரும் சொல்லாமல் நீயாகவே எழுந்து மாடிக்கு வந்து, முள் இரண்டாகத் தெரிகிறது, இனிமேல் அளந்தால் தப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். அன்று கடைசியாக உனக்குப் "படி" என்று சொன்னேன். அதன் பிறகு பூந்தமல்லிக்கு நான்தான் வந்துகொண்டிருந்தேன். போன வருஷத்துக்கு முந்தைய ரம்ஜானுக்கு வந்தபோது உனக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்று திட்டினாய்.

நீ பஸ் நிறுத்தத்தில் பேசியதை இத்தனை வருஷமாக நான் உன் கோபம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று போனைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வேண்டாதவர் கொடுத்ததை முகத்தில் எறிந்துவிடலாம். ஆசையாக வாங்கிக் கொடுத்தவரிடம், இது எனக்கு ஒத்துவரவில்லை, நீ கேட்டிருக்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான் நெஞ்சில் உரம் வேண்டும். உன் கண்ணைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் முறுக்கிக்கொண்டு போயிருந்தால் இருட்டில் உனக்குப் படி சொல்ல எஸ்டேட்டில் ஒருவரும் இல்லை. அது தெரிந்தும் நீ முழங்கையை உருவிக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பையன் கூப்பிடுவான். பழகிக்கொள்கிறேன் என்று சொல்லப் போவதில்லை. இதைத் திருப்பி அனுப்பு, நானே கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன், வாங்குவதற்கு முன்னால் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சொல்லப் போகிறேன். அவன் முகம் வாடும். வாடட்டும். அன்று எனக்கும் வாடியது. அதற்குப் பிறகுதான் நான் உனக்குச் சிநேகிதி ஆனேன்.